வீட்டுக் கணினியின் பயாஸைப் புதுப்பிப்பதா, வேண்டாமா: ஒரே கணினியில் எடுத்த இரண்டு முடிவுகள்

பின்னணி

இது ஒரு குடும்பத்தின் மேசைக்கணினியைப் பற்றிய பதிவு. 2019-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பாகங்களாக வாங்கிப் பொருத்தப்பட்ட அந்தக் கணினியில் பி450 சிப்செட் கொண்ட மதர்போர்டும், ஆறு கோர்கள் உள்ள ரைசன் 5 2600 பிராசஸரும், தலா 8 ஜிபி அளவுள்ள இரண்டு ரேம் ஸ்டிக்குகளும் இருந்தன. உரிமையாளர் கணக்கு எழுதவும், அவருடைய மகள் வீடியோ எடிட்டிங் செய்யவும் அதைப் பயன்படுத்துகிறார்கள். கணினியில் சிக்கல் எழும்போது என்னைக் கேட்பது அவர்கள் வழக்கம் என்பதால், இங்கே சொல்லப்படும் இரண்டு முடிவுகளின்போதும் நான் உடனிருந்தேன்.

கணினியைத் தொடக்கிவைக்கும் நிரலான பயாஸ், மதர்போர்டில் பற்றவைத்த ஒரு சிறிய ஃபிளாஷ் சிப்பில் இருக்கிறது. இந்தப் போர்டில் அதன் கொள்ளளவு 16 எம்பி. விண்டோஸ் தொடங்குவதற்கு முன்பே இயங்கி, பிராசஸரையும் ரேமையும் தயார் செய்து, பிறகு பொறுப்பை விண்டோஸிடம் ஒப்படைப்பது அதன் வேலை. பிராசஸரைத் தொடக்கிவைக்கும் பகுதியை ஏஎம்டி நிறுவனமே அஜீசா என்ற பெயரில் எழுதித் தருகிறது. போர்டு தயாரிப்பாளர் அதைத் தம்முடைய பயாஸுக்குள் வைத்து வெளியிடுகிறார். சிப்பில் எழுதும் வேலை பாதியில் நின்றுபோனால் திரையில் எதுவுமே வராது. சில போர்டுகளில் இரண்டாவது சிப் ஒன்று காப்பாக இருக்கும். சிலவற்றில் பிராசஸரின் உதவியே இல்லாமல் பென் டிரைவிலிருந்து பயாஸை எழுதும் ஃபிளாஷ்பேக் பொத்தான் இருக்கும். இந்தப் போர்டில் இரண்டும் இல்லை. தவறு நேர்ந்தால், சிப்பில் கிளிப் மாட்டி வெளிக்கருவியால் எழுதத் தெரிந்த ஒருவரிடம் போர்டைக் கொண்டுபோவதுதான் வழி. இந்த ஒரு தகவல் இரண்டு முடிவுகளிலும் பெரும் பங்கு வகித்தது.

முதல் கோரிக்கை

2024-இன் இறுதியில் உரிமையாளர் மேலும் இரண்டு 8 ஜிபி ஸ்டிக்குகளை வாங்கிப் பொருத்தினார். சில வாரங்களில் கணினி திடீர் திடீரென மறுதொடக்கமாகத் தொடங்கியது. இடையிடையே நீலத்திரையும் வந்தது. அவருடைய அக்கா மகன், "மாமா, பயாஸ் அஞ்சு வருஷப் பழசு. அப்டேட் பண்ணிடுங்க, சரியாயிடும்" என்று சொல்லியிருந்தார். உரிமையாளர் பயாஸ் கோப்பைப் பதிவிறக்கியும் வைத்துவிட்டார். எழுதலாமா என்பது மட்டுமே என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி.

கவனித்தவை

விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் கெர்னல் பவர் 41 என்ற பதிவு பல இடங்களில் இருந்தது. பலர் இதைப் பார்த்தவுடன் பவர் சப்ளையைக் குறை சொல்வதுண்டு. ஆனால், கணினி முறைப்படி நிறுத்தப்படாமல் நின்றுபோனது என்பதற்கு மேல் அந்தப் பதிவு எதையும் சொல்வதில்லை. நீலத்திரைகளில் அடிக்கடி வந்த பெயர் மெமரி மேனேஜ்மென்ட் என்பது ரேமைச் சந்தேகிக்க வைத்ததால் கூடுதல் பயன் தந்தது. பயாஸுக்குள் சென்று பார்த்தபோது, ரேமை ஆலைநிலை வேகத்துக்கு மேல் ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பு இயக்கத்தில் இருந்தது. நான்கு ஸ்டிக்குகளும் 3200 வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தன. பழைய இணையும் புதிய இணையும் வெவ்வேறு தயாரிப்புகள். ரைசன் 5 2600-க்கு ஏஎம்டி உறுதியளிக்கும் உச்ச வேகம் 2933; அதுவும் நான்கு இடங்களும் நிரம்பாத நிலைக்குரியது. இரண்டு ஸ்டிக்குகளோடு 3200-இல் ஓடியது இந்த வீட்டின் நல்வாய்ப்பு. நான்கோடும் ஓடும் என்று எந்த உத்தரவாதமும் இருக்கவில்லை.

ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 கருவியைப் பென் டிரைவிலிருந்து இயக்கினோம். நான்கு ஸ்டிக்குகளும் 3200-இல் இருந்தபோது முதல் சுற்று முடிவதற்குள் பிழையைக் காட்டும் சிவப்பு வரிகள் வரத் தொடங்கின. ஒவ்வோர் இணையையும் தனித்தனியே சோதித்தபோது பிழை இல்லை. ஸ்டிக்குகள் பழுதல்ல என்பது அதனால் உறுதியாயிற்று. நான்கையும் பொருத்தி வேகத்தை 2666-க்குக் குறைத்து, இரவு முழுவதும் ஓடவிட்டபோதும் பிழை இல்லை.

முதல் முடிவு: இப்போது எழுத வேண்டாம்

புதுப்பிக்கலாம் என்ற பக்கத்தில் ஒரு வலுவான வாதம் இருந்ததை மறுப்பதற்கில்லை. ரேமைப் பழக்கும், அதாவது ரேம் பிழையின்றி ஓடும் அமைப்பைத் தொடக்கத்தில் தேடிப் பொருத்தும் நிரல் அஜீசாவுக்குள்தான் இருக்கிறது. ரைசன் வந்த காலம் முதல் ரேம் பொருத்தத்தைப் பல பதிப்புகள் மேம்படுத்தியிருக்கின்றன. ஆகவே அக்கா மகன் சொன்னது ஆதாரமற்ற பேச்சு அல்ல. ஆனால் தயாரிப்பாளரின் குறிப்புகளை 2019 பதிப்பிலிருந்து வரிசையாகப் படித்தபோது, பெரும்பாலானவற்றில் "சிஸ்டத்தின் நிலைத்தன்மை மேம்படுத்தப்பட்டது" என்ற ஒற்றை வரியே இருந்தது. அந்த வரியை எந்தக் கோளாறுக்கும் மருந்தாகப் படிக்கலாம் என்பதால், நம் கோளாறுக்கு மருந்து என்று அதைக் கொண்டு முடிவுகட்ட முடியாது.

முடிவைத் தீர்மானித்த காரணம் வேறு. பயாஸின் உள்ளேயே இருக்கும் புதுப்பிப்புக் கருவி, பென் டிரைவில் உள்ள கோப்பை முதலில் ரேமில் ஏற்றி, அங்கிருந்து ஃபிளாஷ் சிப்பில் எழுதுகிறது. ரேமே பிழை செய்கிறது என்று சந்தேகிக்கும் கணினியில் அந்த வேலையைத் தொடங்குவது, சந்தேகத்துக்குரிய பொருளையே நம்பி, திரும்பப் பெற முடியாத ஒன்றைச் செய்வதாகும். புதுப்பித்தால் தீரக்கூடும் என்று சொல்லப்பட்ட கோளாறே புதுப்பிப்பதற்குத் தடையாக நின்றது. எந்த முடிவானாலும் முதலில் ரேம் நிலைப்பட வேண்டும்.

ரேம் 2666-இல் நிலைப்பட்ட பிறகாவது எழுதியிருக்கலாமே என்று கேட்கலாம். அதையும் பேசினோம். ஓடுகிற கணினியில் கை வைக்காதே என்பதை நான் விதியாக ஏற்பதில்லை. எந்தக் குறையும் வெளியே தெரியாத கணினியில் உடனே புதுப்பித்தே தீர வேண்டிய நேரங்கள் உண்டு. 2023-இல் ரைசன் 7000 வரிசையில் சில பிராசஸர்கள் சாக்கெட்டோடு கருகியபோது, பிராசஸரின் ஒரு பகுதிக்குச் செல்லும் எஸ்ஓசி மின்னழுத்தத்தை 1.3 வோல்ட்டுக்குள் நிறுத்தும் பயாஸ் பதிப்புகள் வந்தன. 2024 ஆகஸ்டில் இன்டெல் தன்னுடைய 13, 14-ஆம் தலைமுறை மேசைக்கணினி பிராசஸர்களுக்கு 0x129 என்ற மைக்ரோகோடை, அதாவது பயாஸ் வழியே பிராசஸருக்குள் ஏறும் திருத்த நிரலை, வெளியிட்டது. மிகையான மின்னழுத்தத்தால் அவை படிப்படியாகத் தேய்வதைத் தடுப்பது அதன் நோக்கம். ஏற்கெனவே தேய்ந்ததை அது மீட்காது என்பதால், அங்கே காத்திருப்பதே இழப்பாகும். ஆனால் இந்த வீட்டின் ரைசன் 5 2600 அந்த இரண்டு வகையிலும் சேராது. அதே ஆண்டு ஆகஸ்டில் வெளியான சிங்க்குளோஸ் என்ற ஏஎம்டி பாதுகாப்புக் குறையும் எங்கள் பேச்சில் வந்தது. அதைப் பயன்படுத்த, தாக்குபவர் ஏற்கெனவே விண்டோஸின் உட்கருவான கெர்னல் வரை நுழைந்திருக்க வேண்டும். வீட்டுக் கணினியில் ஒருவர் அந்த அளவுக்கு நுழைந்துவிட்டால் கோப்புகளும் கடவுச்சொற்களும் அதற்கு முன்பே போயிருக்கும். கவனிக்க வேண்டியதுதான், ஆனால் காப்பில்லாத ஒற்றைச் சிப் போர்டில், அன்றே செய்ய அது போதிய காரணமாகப் படவில்லை.

வேகத்தை 2666-இல் நிறுத்தி, பயாஸைத் தொடாமல் விட்டோம். மறுதொடக்கங்கள் நின்றன. எடிட்டிங்கில் வேகக் குறைவு எதையும் மகள் உணரவில்லை.

நிலைமை மாறியது

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிவதை ஒட்டி, குடும்பத்தினர் விண்டோஸ் 11-ஐப் புதிதாக நிறுவிக்கொண்டார்கள். அதற்குப் பாதுகாப்பு விசைகளைக் காக்கும் டிபிஎம் 2.0 என்ற கூறு தேவை என்பதால், பிராசஸரிலேயே அடங்கியுள்ள எஃப்டிபிஎம் வசதியைப் பயாஸில் இயக்கினார்கள். அதன் பிறகு, எப்போதாவது ஓரிரு நொடிகள் ஒலி விக்கி, மவுஸும் நின்று நகரத் தொடங்கியது. சிறிது காலம் கழித்து, 4கே வீடியோக்களுக்கு ஆறு கோர்கள் போதவில்லை என்று மகள் எட்டு கோர் பிராசஸருக்கு மாற விரும்பினார். விரும்பியது ரைசன் 7 5700எக்ஸ்.

இப்போது கேள்வியின் தன்மையே வேறு. தயாரிப்பாளரின் பிராசஸர் பட்டியலில் 5700எக்ஸ்-க்கு எதிரே குறித்திருந்த பயாஸ் பதிப்பு, கணினியில் இருந்ததைவிடப் பல படிகள் புதியது. பழைய பயாஸில் அந்தப் பிராசஸர் தொடங்கவே தொடங்காது. அதே பட்டியலில் ரைசன் 7 3700எக்ஸ்-க்கு எதிரே இருந்த பதிப்போ, ஏற்கெனவே கணினியில் இருந்ததைவிடப் பழையது. அதாவது, பயாஸைத் தொடாமலே எட்டு கோர்களுக்குப் போகும் வழி ஒன்று உண்மையாகவே இருந்தது. இதை உரிமையாளரிடம் எடுத்துச்சொன்னேன். ஏனெனில் புதுப்பித்தாக வேண்டும் என்று தோன்றும் இடங்களில் பாதி, மாற்றுவழியைத் தேடாத இடங்களே.

மாற்றுவழியை அவர்கள் ஒதுக்கியதற்கு மூன்று காரணங்கள் சேர்ந்தன. 3700எக்ஸ் பயன்படுத்தப்பட்ட நிலையில் மட்டுமே கிடைத்தது. ஒலி விக்கலுக்கான விளக்கத்தை ஏஎம்டியே 2022-இல் வெளியிட்டிருந்தது: எஃப்டிபிஎம் ஃபிளாஷ் சிப்போடு பேசும் வேளையில் நேரும் தாமதம் அது; அஜீசா 1.2.0.7 முதல் திருத்தப்பட்டது. இந்தக் குறிப்பு நம் கணினியில் கண்ட அறிகுறியோடு அப்படியே பொருந்தியது. முந்தைய ஆண்டு படித்த "நிலைத்தன்மை" வரிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடுதான் என் மனத்தை மாற்றியது. மூன்றாவதாக, சிங்க்குளோஸ் திருத்தமும் அதே புதுப்பிப்பில் வந்துவிடும். முடிவு: புதுப்பிப்பது.

எது போனால் திரும்பாது

பயாஸ் புதுப்பிப்பைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் அஞ்சுவது போர்டு செத்துப்போவதை. உண்மையில் போர்டுக்கு மாற்று உண்டு. கணினியில் உள்ள குடும்பப் படங்களுக்கு இல்லை. ஆகவே கருவியைத் தொடும் முன் சேமிப்பகத்தின் நிலையைப் பார்த்தோம். உரிமையாளர், "நாங்கள் எதையும் பூட்டி வைக்கவில்லை" என்றார். செட்டிங்ஸில் பிரைவசி, செக்யூரிட்டி பகுதியைத் திறந்தால் சேமிப்பகத்தைக் குறியாக்கிப் பூட்டும் டிவைஸ் என்கிரிப்ஷன் இயக்கத்தில் இருந்தது. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு புதிதாக நிறுவினால், தகுதியுள்ள கணினியில் அது கேட்காமலே குறியாக்கத்தை இயக்கிவிடும்.

குறியாக்கத்தைத் திறக்கும் விசை டிபிஎம்-இல் இருக்கிறது. கணினி தொடங்கும் விதத்தை அளந்து, அது முன்போலவே இருந்தால்தான் டிபிஎம் விசையைத் தரும். பயாஸ் மாறினால் அந்த அளவீடுகள் மாறி, டிபிஎம் விசையைத் தர மறுக்கலாம். பிராசஸர் மாறினாலோ அதற்குள் இருக்கும் எஃப்டிபிஎம்-உம் சேர்ந்தே போய்விடும். அப்போது 48 இலக்க மீட்பு விசை ஒன்றே கதவைத் திறக்கும். அது எந்தக் கணக்கைக் கொண்டு கணினி முதலில் அமைக்கப்பட்டதோ அந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்படுகிறது. இங்கே அது மகளின் பள்ளிக்காலக் கணக்கு. தினமும் பின் எண்ணைக் கொண்டே உள்ளே நுழைந்ததால் கடவுச்சொல் அவருக்கு மறந்திருந்தது; சரிபார்ப்பு எண் வர வேண்டிய கைபேசி எண்ணும் இப்போது அவரிடம் இல்லை. கணக்கை மீட்கச் சில நாட்கள் பிடித்தன. இந்தச் சிக்கல், புதுப்பித்து முடித்து நீலத் திரை 48 இலக்கங்களைக் கேட்டு நின்ற பிறகு தெரியவந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

கணக்கு மீண்டபோது அதில் இரண்டு விசைகள் இருந்தன. ஒன்று மகளின் மடிக்கணினிக்கு உரியது. விசையின் அடையாள எண்ணில் முதல் எட்டு எழுத்துகளைக் கணினி காட்டுவதோடு ஒப்பிட்டு, சரியானதை ஒரு தாளில் எழுதி, இருவர் படித்துச் சரிபார்த்தார்கள்.

குறியாக்கத்தைத் தற்காலிகமாக நிறுத்திவைப்பதா, முழுவதும் நீக்குவதா என்பது அடுத்த கேள்வி. வழக்கமான முறையில் நிறுத்திவைத்தால் ஒரு மறுதொடக்கத்துக்குப் பிறகு பாதுகாப்பு தானே திரும்பிவிடும். எங்கள் வேலையிலோ இரண்டு பயாஸ் பதிப்புகள், பிராசஸர் மாற்றம் எனப் பல மறுதொடக்கங்கள் இருந்தன. ஒவ்வொரு முறையும் நினைவாக நிறுத்திவைப்பதை நம்பாமல், முழுவதும் நீக்கிவிடுவதே பாதுகாப்பு என்று முடிவு செய்தோம். படங்களும் எடிட்டிங் கோப்புகளும் வெளிப்புற டிரைவில் தனியே நகலெடுக்கப்பட்டன.

புதுப்பித்த முறை

தயாரிப்பாளரின் குறிப்பில் இரண்டு எச்சரிக்கைகள் இருந்தன. நேரடியாகக் கடைசிப் பதிப்புக்குத் தாவக் கூடாது, இடைப்பதிப்பு ஒன்றை முதலில் எழுத வேண்டும். கடைசிப் பதிப்பிலிருந்து பழையதற்குத் திரும்ப முடியாது. உரிமையாளர் முன்பே பதிவிறக்கி வைத்திருந்த கோப்பு, பெயரில் ஒரே ஓர் எழுத்து வேறுபடும் இன்னொரு போர்டுக்கு உரியது என்பது அப்போதுதான் தெரிந்தது. பயாஸின் உள்கருவி பெரும்பாலும் அத்தகைய கோப்பை மறுத்துவிடும். ஆனாலும் அதை நம்பி எழுதத் துணிவது சரியல்ல. போர்டின் ஓரத்தில் அச்சிட்டிருந்த மாதிரிப் பெயரையும் திருத்த எண்ணையும் டார்ச் வெளிச்சத்தில் படித்து, அதற்குரிய இரண்டு கோப்புகளைப் பதிவிறக்கி, கோப்பு சிதையாமல் வந்ததா என்று அறிய, வெளியிடப்பட்ட சரிபார்ப்புத் தொகையோடு ஒப்பிட்டு, எஃப்ஏடி32 முறையில் ஃபார்மேட் செய்த பென் டிரைவில் வைத்தோம்.

பயாஸ் திரைகள் ஒவ்வொன்றும் கைபேசியில் படமெடுக்கப்பட்டன. புதுப்பித்தால் எல்லா அமைப்புகளும் ஆலைநிலைக்குத் திரும்பிவிடும் என்பதால், ரேம் வேகம், மெய்நிகராக்கம், செக்யூர் பூட் (நம்பகமான நிரல்களை மட்டுமே தொடங்கவிடும் காப்பு), விசிறிகளின் வேகக்கோடு ஆகியவற்றை மீண்டும் அமைக்க அந்தப் படங்கள் தேவைப்படும். யுபிஎஸ் இருந்தது, ஆனால் இருப்பதும் தாங்குவதும் வேறு வேறு. சுவரிணைப்பைப் பிடுங்கி, கணினியை யுபிஎஸ்ஸில் மட்டும் சிறிது நேரம் ஓடவிட்டுப் பார்த்த பிறகே தொடங்கினோம். ரேமை எக்ஸ்எம்பி இல்லாத ஆலைநிலை வேகத்துக்கு இறக்கினோம். விண்டோஸுக்குள் இயங்கும் புதுப்பிப்பு மென்பொருளை ஒதுக்கி, பயாஸின் உள்கருவியையே பயன்படுத்தினோம். எழுதும் நேரத்தில் வேறெந்த நிரலும் குறுக்கிட வழியில்லாதது அதுதான்.

இடைப்பதிப்பை எழுதி முடித்தவுடன் கணினி அணைந்து எழுந்தது. திரை கறுப்பாகவே இருந்தது. மறுபடி அணைந்து மறுபடி எழுந்தது. விசிறிகள் சுற்றின, விசைப்பலகை விளக்கு எரியவில்லை. உரிமையாளர் பவர் பொத்தானை நோக்கிக் கையை நீட்டினார். கால் மணி நேரம் வரை யாரும் எதையும் தொடக் கூடாது என்று முன்கூட்டியே பேசிவைத்திருந்தது அப்போது உதவியது. புதிய பயாஸ் ரேமை முதன்முறையாகப் பழக்கும்போது இப்படி அணைந்து எழுவது இயல்பு. பொறுத்திருந்தோம், அமைப்புகள் ஆலைநிலைக்கு மாற்றப்பட்டன என்ற அறிவிப்போடு திரை வந்தது. கடைசிப் பதிப்பு அதே முறையில் எழுதப்பட்டது.

பிராசஸரை அன்றே மாற்றவில்லை. பழைய பிராசஸரோடு புதிய பயாஸைச் சில நாட்கள் ஓடவிட்டோம். இரண்டு மாற்றங்களை ஒரே நாளில் செய்தால், பின்னர் வரும் கோளாறு எதனால் வந்தது என்று பிரித்தறிய முடியாது. அந்த இடைவெளியில் ஒலி விக்கல் ஒருமுறைகூட வரவில்லை. நான்கு ஸ்டிக்குகளையும் மீண்டும் 3200-இல் வைத்து மெம்டெஸ்ட்86 ஓட்டிப் பார்த்தோம். பிழைகள் முன்போலவே வந்தன. முந்தைய ஆண்டு பயாஸைப் புதுப்பித்திருந்தாலும் அந்த நீலத்திரைகள் நின்றிருக்காது என்பது இதனால் தெளிவாயிற்று.

பின்விளைவு

பிராசஸர் மாற்றும்போது, கணினியைச் சிறிது நேரம் சூடாக ஓடவிட்டு, கூலரை மெல்லத் திருகி எடுத்தோம். இந்தப் போர்டில் உள்ள ஏஎம்4 வகைச் சாக்கெட்டில், இறுகிய பேஸ்ட்டோடு பிராசஸரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வந்து அதன் ஊசிகள் வளைவது அடிக்கடி நடப்பது. 5700எக்ஸ் பொருத்தி இயக்கியவுடன், புதிய பிராசஸர் கண்டறியப்பட்டது, எஃப்டிபிஎம்-ஐ மீட்டமைக்க ஒய் (Y), பழையதை வைத்திருக்க என் (N) அழுத்துங்கள் என்று திரை கேட்டது. குறியாக்கம் இருந்தால் மீட்பு விசையின்றித் தொடங்காது என்ற எச்சரிக்கையும் கூடவே இருந்தது. குறியாக்கம் ஏற்கெனவே நீக்கப்பட்டிருந்ததால் தயக்கமின்றி ஒய் அழுத்தப்பட்டது. விண்டோஸ் வந்தது, ஆனால் பின் எண்ணை ஏற்கவில்லை. பின் எண்ணும் டிபிஎம்-ஓடு கட்டுண்டது என்பதால், கணக்கின் கடவுச்சொல்லைக் கொடுத்துப் புதிய பின் எண்ணை அமைக்க வேண்டியிருந்தது. மீட்பு விசைக்காகச் செலவிட்ட நாட்களில் கிடைத்த கடவுச்சொல் இங்கேதான் முதலில் பயன்பட்டது.

புதிய பிராசஸரோடு நான்கு ஸ்டிக்குகளும் 3200-இல் பிழையின்றித் தேர்ந்தன. பழைய பிராசஸரின் ரேம் கட்டுப்பாட்டகமே அந்த வேகத்துக்குத் தடையாக இருந்திருக்கிறது. செக்யூர் பூட் அணைந்திருந்ததைப் படங்களை வைத்துக் கண்டுபிடித்து மீண்டும் இயக்கினோம். பிறகு குறியாக்கமும் இயக்கப்பட்டது. அப்போது புதிய மீட்பு விசை உருவாவதால், பழைய தாளைக் கிழித்துவிட்டு இன்னொன்று எழுதிவைக்கப்பட்டது.

அடுத்த முறை மாறுபவை

வேலையின் வரிசையில் ஒரு மாற்றம் செய்யப்படும். குறியாக்கமும் கணக்கும் முதலில் பார்க்கப்படும். கோப்பைப் பதிவிறக்குவது அதற்குப் பிறகு. இந்த வீட்டில் உண்மையில் நாட்களைத் தின்றது கணக்கு மீட்புதான். ஃபிளாஷ் எழுதிய நேரம் அதோடு ஒப்பிட ஒன்றுமில்லை. விண்டோஸை நிறுவும் கணக்கு, வீட்டில் எப்போதும் கைவசம் உள்ள ஒருவருடையதாக இருக்க வேண்டும் என்றும் பேசி முடித்திருக்கிறார்கள். அடுத்த போர்டு வாங்கும்போது ஃபிளாஷ்பேக் பொத்தான் உள்ளதையே தேர்ந்தெடுப்பது என்பது உரிமையாளரின் முடிவு. அந்த ஒரு பொத்தான் இருந்திருந்தால் முதல் முறை நடந்த விவாதத்தில் பாதி தேவைப்பட்டிருக்காது.

புதுப்பித்த பிறகு வெளிவந்த ஒரு பதிப்பையும் பார்த்தோம். அதன் குறிப்பில் இந்தக் கணினியில் இல்லாத பிராசஸர் ஒன்றுக்கான ஆதரவு மட்டுமே இருந்ததால், அதை எழுதவில்லை. செக்யூர் பூட்டின் 2011 சான்றிதழ்கள் 2026 ஜூன் முதல் காலாவதியாகின்றன. புதியவற்றை மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் புதுப்பிப்பு வழியே அனுப்புகிறது. சில போர்டுகளுக்குப் பயாஸ் புதுப்பிப்பும் தேவைப்படலாம். இந்தப் போர்டுக்கு அப்படியொரு பதிப்பு வந்தால், மீட்பு விசைத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு, குறிப்பைப் படித்து, மூன்றாவது முடிவு எடுக்கப்படும்.